என் அளவுக்கு ஒரு கவுன்

ஜவுளிக்கடைக்குள் நான் காலெடுத்து வைத்ததும், வாயைத் திறப்பதற்கு முன்பே, "உங்க சைஸ் இல்லக்கா" என்று சொல்லிவிடுவார்கள். ராஜபாளையத்தில் நான் ஏறி இறங்காத ரெடிமேட் கடை இல்லை. அந்தச் சொல்லைக் கேட்காமல் திரும்பிய கடையும் இல்லை. ஒரு தடவை அக்கா மகளுக்குப் பாவாடை சட்டை எடுக்கப் போனேன். அதற்கும் அதே பதில். "எனக்கில்ல தாயி, ஏழு வயசுப் பிள்ளைக்கு" என்று சொன்ன பிறகுதான் கடையில் இருந்த பெண் செல்போனிலிருந்து நிமிர்ந்தாள். எட்டாம் வகுப்பில் போட்ட மிடிதான் நான் கடைசியாகப் போட்ட ரெடிமேட் உடுப்பு. இப்போது எனக்கு முப்பத்தாறு வயது. இடைப்பட்ட காலம் முழுக்கச் சேலை, இல்லையென்றால் நைட்டி.

நைட்டிக்கு மட்டும் எனக்குக் குறைவே இல்லை. செட்டியார்பட்டியில் நைட்டி தைக்கிற ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். தைத்து வருவதை மேசையில் விரித்து, பிசிறு நூலை வெட்டி, எங்காவது தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்து மடித்து வைக்க வேண்டும். புது டிசைன் வந்தால் போட்டுப் பார்க்கிற வேலையும் என் தலையில்தான். போட்டுப் பார்ப்பது என்றால் பெரிய சங்கதி ஒன்றுமில்லை. கட்டியிருக்கிற சேலைக்கு மேலேயே தலைவழியாக மாட்டுவேன். தலை நுழைந்து, கை நுழைந்து, துணி கால்வரைக்கும் இறங்கிவிட்டால் பாஸ். "இவளுக்கே நுழைஞ்சிட்டுன்னா ஊருக்கே நுழையும்" என்பார் கட்டிங் மாஸ்டர். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும். கம்பெனியில் ஒரு கண்ணாடிகூடக் கிடையாது. நைட்டிக்கு எதற்குக் கண்ணாடி?

போன வருஷம் புரட்டாசி பிறந்த சமயம், முதலாளியம்மா போனைக் காதிலிருந்து எடுத்துக்கொண்டே எங்கள் மேசைப் பக்கம் வந்தார்.

"வில்லிபுத்தூர்ல ஒரு ஜவுளிக்கடையில தீவாளிக்கு கவுன் கேக்காவ. இடுப்பு வச்சு, கீழ குடை மாதிரி விரிஞ்சு, சைடுல பாக்கெட் வச்சு. அம்புட்டும் பெரிய சைஸுதான் வேணுமாம். நாலு இடத்துக்குப் போட்டுட்டுப் போற மாதிரி இருக்கணுமாம். மொதல்ல ஒரு சாம்பிள் தச்சுக் காட்டச் சொல்லுதாவ."

சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். மாஸ்டர் பார்த்தார். துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷினில் இருந்த ஒல்லிப் பெண் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"என்னட்டி முழிக்க? நீதான் போட்டுப் பாக்கணும். சாம்பிள் பாஸாயிட்டுன்னா அந்தப் பீஸ நீயே எடுத்துக்கோ."

அன்றைக்கு எத்தனை நைட்டி மடித்தேன் என்று எனக்கே தெரியாது. இடுப்பு வைத்த கவுன்! பாக்கெட் வேறு! வீட்டுக்குப் போனதும் கணவரிடம் சொன்னேன். "சரி" என்றார். இந்த மனிதரிடம் போய்ச் சொன்னேனே என்று, பக்கத்து வீட்டுக்குப் போய் இன்னொரு தடவை சொல்லிவிட்டு வந்தேன். துணி மயில்கழுத்து நிற ரேயான். தான் வெட்டி முடிக்கும்வரை அந்தத் துணிப் பக்கம் நான் வரக் கூடாது என்று மாஸ்டர் கண்டிப்பாகச் சொல்லியும், டீ குடிக்கப் போகும்போதெல்லாம் ஒரு தடவை தடவிவிட்டுத்தான் போனேன்.

சாம்பிள் வந்த அன்று முதலாளியம்மா தன் வீட்டிலிருந்து ஆளுயரக் கண்ணாடியைக் கொண்டுவந்து நைட்டி மூட்டைகளுக்கு நடுவில் சாய்த்து வைத்தார். ஒரு சேலையை மறைப்பாகக் கட்டினோம். உள்ளே போனேன். போட்டேன். தலை நுழைந்தது, கை நுழைந்தது, துணி கால்வரை இறங்கி, அதற்குப் பிறகும் நிற்காமல் தரையில் ஒரு சாண் கிடந்தது. தோள்பட்டைத் தையல் தோளைத் தாண்டிக் கையில் வந்து தொங்கியது. கழுத்தை இந்தப் பக்கம் ஏற்றினால் அந்தப் பக்கம் வழிந்தது. எல்லாம் இப்படித் தாராளமாக இருக்க, வயிற்றில் மட்டும் இறுக்கம். கண்ணாடியில் பார்த்தால் பந்தல்காரர் மறந்துவிட்டுப் போன துணிக்குள் நான் மாட்டிக்கொண்டது போல இருந்தது.

வெளியே வந்ததும், "நல்லாத்தானட்டி இருக்கு" என்றார் முதலாளியம்மா. அவர் குரலிலேயே சுரத்து இல்லை.

நான் எப்போதும் சொல்வதையே சொன்னேன். "என் உடம்பு வாகு அப்படிக்கா. எதப் போட்டாலும் நிக்காது."

மாஸ்டர் அதைப் பிடித்துக்கொண்டார். "அதேதான். டிரஸ்ஸுல ஒரு குத்தமும் இல்ல. கொஞ்சம் உடம்பக் குறைச்சா அப்படியே நச்சுன்னு நிக்கும்."

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ! இத்தனை வருஷம் கடை கடையாகக் கேட்டு விழுங்கிய அத்தனையும் சேர்ந்து வந்திருக்க வேண்டும்.

"நான் ஏன் மாஸ்டர் குறையணும்? துணியக் குறைங்க! வெட்டுனது நீங்க, அது தரைவரைக்கும் வளந்ததுக்கு நானா பொறுப்பு?"

மெஷின் சத்தம் எல்லாம் நின்றுபோனது. மாஸ்டரை அந்தக் கம்பெனியில் யாரும் எதிர்த்துப் பேசியது கிடையாது. அவர் முகம் சுண்டிவிட்டது. ஆரம்பித்தாயிற்று, இனி நிறுத்தினால் அவமானம் என்று நான் ஓவர்லாக் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்து வந்து பக்கத்தில் நிறுத்தினேன். அவள் என்னில் பாதி இருப்பாள்.

"டேப்ப எடுத்து எங்க ரெண்டு பேரு தோளையும் அளந்து பாருங்க" என்றேன்.

அளந்தார். அவளுக்குப் பதினாலரை அங்குலம். எனக்குப் பதினைந்து. மறுபடியும் அளந்தார். டேப்பைத் திருப்பிப் போட்டு அளந்தார். அதே பதினைந்துதான். கவுனில் அவர் வைத்திருந்தது பத்தொன்பது.

சங்கதி இதுதான். நைட்டியில் ஒரு சைஸ் கூடினால், மாஸ்டர் எல்லாப் பக்கமும் சரிசமமாக ஏற்றிக்கொண்டே போவார். நெஞ்சு ஓர் அங்குலம் என்றால் தோளும் ஓர் அங்குலம், கையும், நீளமும் அப்படியே. நைட்டி தொளதொளவென்று இருப்பதால் இதுவரை யாரும் கேட்டதில்லை. ஆள் பருத்தால் எலும்புமா நீளும்? வயிறு வைக்கும், கை திரளும், தோள் அங்கேயேதான் இருக்கும். இது பருத்த ஆட்களுக்குத் தெரியும். எங்களை யார் கேட்டார்கள்?

மாஸ்டர் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தார். பிறகு, "வா தாயி, மொதல்ல இருந்து அளப்போம்" என்றார். மனிதர் மானஸ்தர், அதைச் சொல்லியாக வேண்டும். என் உடம்பில் இத்தனை இடம் இருக்கிறது என்று எனக்கே தெரியாத அளவுக்கு அளந்தார். தோள், கைச்சுற்று, அக்குள், மேல்வயிறு, கீழ்வயிறு என்று ஒன்றையும் விடவில்லை. முதலாளியம்மா நோட்டில் எழுதினார்.

இரண்டாவது சாம்பிள் வந்தது. மாட்டியதும் தோள் போய்க் கச்சிதமாக உட்கார்ந்தது. கழுத்து அசையவில்லை. கண்ணாடியில் எனக்கு இடுப்பு என்று ஒன்று தெரிந்தது! வெளியே வந்தேன். எல்லாரும் கை தட்டினார்கள்.

"எப்படிட்டி இருக்கு? வாயத் தொறந்து சொல்லு" என்றார் முதலாளியம்மா.

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"சந்தோசத்துல பேச்சே வரல போல" என்றார் மாஸ்டர்.

சந்தோஷம்தான், ஆனால் பேச்சு வராததற்குக் காரணம் அது இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம்தான் நிற்பது? விட்டேன். விட்டதும் பக்கத் தையல் படபடவென்று அக்குள்வரை பிரிந்துகொண்டு போனது.

மாஸ்டர் என்னையே பார்த்தார். "அளவு எடுக்கையில வயித்த எக்கிக்கிட்டியா?"

பொய் சொல்ல முடியவில்லை. டேப்பைக் கண்டாலே என் வயிறு தானாக உள்ளே போய்விடும். போட்டோ எடுக்கும்போதும், கல்யாண வீட்டில் யாராவது ஏற இறங்கப் பார்க்கும்போதும் அப்படித்தான். அது எனக்குப் பழகிப்போன ஒன்று. மாஸ்டரை அத்தனை பேர் முன்னால் அப்படிப் பேசிவிட்டு, அளவில் நானே திருட்டுத்தனம் செய்திருக்கிறேன். வெட்கத்தில் சிரித்துவிட்டேன். மாஸ்டரும் சிரித்தார். முதலாளியம்மா மட்டும் தலையில் அடித்துக்கொண்டார். அவருக்குத் துணி போன கவலை.

"எக்காம நில்லு. எம்புட்டு இருக்கோ அம்புட்டையும் காட்டு" என்றார் மாஸ்டர்.

வயிற்றைத் தளர விட்டு, டேப் சுற்றி வரும்வரை அப்படியே நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எண்ணை அவர் சத்தமாகச் சொன்னார். முதலாளியம்மா எழுதினார். கம்பெனியே கேட்டது. கேட்டால் கேட்கட்டும் என்று நின்றேன். பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. ஆளுக்கொரு வேலையில் இருந்தார்கள்.

மூன்றாவது சாம்பிளைப் போட்டுக்கொண்டு முதலில் செய்தது, நன்றாக மூச்சை இழுத்து விட்டதுதான். கவுன் ஒன்றும் சொல்லவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். குத்துக்காலிட்டேன். மேல் அலமாரி மூட்டையை எட்டி இழுத்தேன். மாடிப்படி ஏறி இறங்கினேன். கையை ஆட்டிக்கொண்டு மெஷின்களுக்கு நடுவே வேகமாக நடந்தேன், பாவாடைப் பகுதி கூடவே வீசி வந்தது. பாக்கெட்டில் செல்போனைப் போட்டேன், எடுத்தேன், மறுபடியும் போட்டேன். "போதும்ட்டி, வேலை கெடக்கு" என்று முதலாளியம்மா மூன்று தடவை சொன்ன பிறகுதான் கழற்றினேன்.

சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் போவதாக முடிவானது. கவுனை என்னிடமே கொடுத்து, அயர்ன் செய்து மடித்துப் பையில் கொண்டுவரச் சொன்னார் முதலாளியம்மா. கடையில் போய்ப் போட்டுக் காட்ட வேண்டும். அயர்ன் செய்தேன். மடித்தேன். மடித்ததை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்ததும் முதலாளியம்மாவுக்கு உயிரே போய்விட்டது.

"ஏட்டி! சாம்பிள் பீஸுட்டி அது! மாத்துச் சேலையாவது கொண்டாந்தியா?"

"இல்லக்கா."

"இன்னைக்கு திருவண்ணாமலைக் கூட்டம் வேற. பஸ்ல கசக்கிப் பிழிஞ்சிருவாவளே."

அவர் சொன்னது சரிதான். புரட்டாசிச் சனிக்கிழமை, வில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிற திருவண்ணாமலையில் மலைமேல் இருக்கிற பெருமாளைப் பார்க்கப் போகிற கூட்டம் படிவரைக்கும் தொங்கியது. நான் உட்காரவே இல்லை. ஒரு கையால் கம்பியையும் இன்னொரு கையால் கவுனையும் பிடித்துக்கொண்டு வில்லிபுத்தூர்வரை நின்றேன். ஜன்னல் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொள்ள அதுதான் வசதி.

கடைக்கார அம்மா மெலிந்த உடம்பு, கண்ணாடி போட்டவர், சிரிக்காதவர். என்னைத் திரும்பச் சொன்னார். கையைத் தூக்கச் சொன்னார். ஸ்டூலில் உட்காரச் சொல்லிக் கீழே குனிந்து மடிப்பைப் பார்த்தார். அக்குள் தையலை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தார்.

"தோள் எப்படி இவ்வளவு சரியா வந்துச்சு? மத்த இடத்துல தச்சது எல்லாம் தோள்லதான் சொதப்பிருச்சு" என்றார். "ஓகே. சரக்கு போடுங்க. இந்தப் பீஸக் கழட்டிக் குடுத்துட்டுப் போங்க."

"கழட்டியா?" என்றேன்.

"அப்ரூவ் பண்ண சாம்பிள் கடையிலதான் இருக்கும். சரக்கு வந்ததும் இத வச்சுத்தான் சரிபாப்போம். எல்லா இடத்துலயும் அப்படித்தான்."

முதலாளியம்மாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். பாவம், அவருக்கும் தெரியாது. நைட்டிக்கு யாரும் சாம்பிள் கேட்டதில்லை. கட்டுக் கட்டாக லாரியில் ஏற்றுவதோடு சரி. "ஒரு நைட்டியப் போட்டுட்டு வாட்டி. பொறவு உனக்கு வேற ஒண்ணு தச்சுத் தாரேன்" என்று காதோரம் சொன்னார். கடையில் வேலை பார்க்கிற பெண் ஒருத்தி அதற்குள் ஒரு நைட்டியை எடுத்து நீட்டினாள். எங்கள் கம்பெனி நைட்டிதான்.

கண் கலங்கிவிட்டது. மூன்று தடவை தைத்து, எக்காமல் நின்று, கம்பெனி முழுக்கக் கேட்க அளவு சொல்லி வாங்கிய கவுன். அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நைட்டியோடு பஸ் ஏறுவதா?

"கழட்ட மாட்டேன்" என்றேன்.

முதலாளியம்மா என் கையைக் கிள்ளினார். நான் நிறுத்தவில்லை. "நீங்க இத ஹேங்கர்லதானம்மா மாட்டி வைப்பீங்க? ஹேங்கர் உக்காருமா? மூச்சு விடுமா? அதுல மாட்டுனா எல்லாமே நல்லாத்தான் நிக்கும். சரக்கு வந்து இறங்குனதும் எனக்கு ஒரு போன் போடுங்க. நான் வாரேன். எத்தனை பீஸு எடுத்துத் தாரீங்களோ, அத்தனையும் போட்டுக் காட்டுதேன். ஒண்ணு நிக்கலன்னாலும் திருப்பி அனுப்புங்க."

கடைக்கார அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு மேசை டிராயரிலிருந்து ஒரு மஞ்சள் டேக்கை எடுத்து, சீல் குத்தி, கையெழுத்துப் போட்டு, ஊசியில் நூல் கோத்துக்கொண்டு எழுந்து வந்தார். கவுனின் இடது கை ஓரத்தில் அதைத் தைத்து முடிச்சுப் போட்டார்.

"சரக்கு இறங்குற வரைக்கும் இத வெட்டக் கூடாது. நீங்கதான் சாம்பிள், ஞாபகம் இருக்கட்டும்" என்றார். அப்போது அவர் சிரித்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. பக்கத்தில், மலை இறங்கி வந்த ஓர் அம்மா, நெற்றி நிறைய நாமத்தோடு உட்கார்ந்திருந்தார். என் கையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"ஏம்மா, புதுத்துணில டேக்க எடுக்காமலே போட்டுட்டு வந்துட்டியே. எல்லாரும் பாக்காவ. இரு" என்று சொல்லிக்கொண்டே, நூலைக் கடித்து அறுக்க என் கையைத் தூக்கி வாய்ப் பக்கம் கொண்டுபோனார்.

நான் பதறிப்போய் இழுத்துக்கொண்டேன். "கடிச்சிராதீங்கக்கா! அது என்னப் பாஸ் பண்ணுன சீட்டு."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் டேக்கை உள்ளே மடக்கிவிடாமல், சீல் வெளியே தெரியும்படி திருப்பி வைத்துக்கொண்டு ராஜபாளையம்வரை வந்தேன்.