துரைசானிக்கு ஒரு ஜோடி

அளவுக்காரரைத் தெரியாதவர்கள் அந்தத் தெருவில் கிடையாது. செருப்புக் கடையில் விற்பனையாளர். கடைக்குள் வருகிறவரின் முகத்தை அவர் பார்ப்பதே இல்லை; பார்வை நேரே பாதத்துக்குத்தான் போகும். "எட்டு. அகலமான கால்" என்பார். அளந்து பார்த்தால் எட்டேதான்! பஸ்ஸில் எதிரே நின்ற அம்மாளுக்குக்கூட நம்பர் சொல்லி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

கடையில் அவருக்கு இரண்டே இரண்டு மந்திரங்கள். ஒற்றைச் செருப்பை மாட்டிப் பார்த்துவிட்டு எழப்போகிறவரை விடவே மாட்டார்: "ரெண்டு கால்லயும் போட்டு நடந்து பாருங்க!" கடிக்கிறதே என்று யாராவது முனகினால், "போடப் போடச் சரியாயிடும்!" இந்த இரண்டை வைத்தே இத்தனை வருஷமாக வண்டியை ஓட்டிவிட்டார் மனுஷன்.

அவர் மனைவி ஒரு கோழி வளர்த்தாள். அதன் நடையையும் மிடுக்கையும் பார்த்து அவளே வைத்த பெயர் துரைசானி. கணவர் காலையில் போனால் கடை சாத்திய பிறகுதான் வீடு. பகலெல்லாம் அவளுக்குப் பேச்சுத்துணை அந்தக் கோழிதான். காய் நறுக்கிக்கொண்டே ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் சொல்வாள். துரைசானி தலையைச் சாய்த்து, நடுநடுவே 'கொக்' போட்டுக் கேட்பாள். அவர் ஒருநாளாவது அப்படிக் கேட்டிருப்பாரா? அந்தக் கதை நமக்கெதற்கு.

அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று மனைவி ஊருக்குக் கிளம்பினாள். செருப்பை மாட்டிக்கொண்டே, "துரைசானிக்கு ஏதாவது ஆச்சு, நான் உங்ககூட பேசவே மாட்டேன், பாத்துக்குங்க" என்றாள். விளையாட்டுக்குச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

இவர் சும்மா இருந்தாரா? கூடமெல்லாம் அசிங்கம் பண்ணுகிறதே என்று கோழியின் பெட்டியைத் தூக்கி அலமாரி உச்சியில் வைத்தார். ராத்திரி அதைத் தூக்கி மேலே விடுவார். விடிந்ததும் அது சிமெண்டுத் தரையில் தொப்பென்று குதிக்கும். கொஞ்ச நாளிலேயே துரைசானி இடது காலைத் தூக்கிக்கொண்டு நொண்ட ஆரம்பித்தாள். கோழியைக் கூடையில் போட்டுக்கொண்டு கால்நடை டாக்டரிடம் ஓடினார்.

டாக்டரம்மா பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். அடியில் வீக்கம், நடுவே கறுப்பாக ஒரு பொருக்கு. "உயரத்துல இருந்து குதிச்சுதா?"

"அது... லேசா..."

வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காலை ஊறவைத்து, பொருக்கை எடுத்துச் சுத்தம் செய்து, மருந்து தடவிக் கட்டுப் போட்டார். "தினமும் கட்டை மாத்துங்க. அடியில மெத்துன்னு பஞ்சு வையுங்க. தரையில வைக்கோல் பரப்புங்க. பெட்டி கீழேயே இருக்கட்டும்."

"காலைப் பத்தி எனக்கா சொல்றீங்க டாக்டரம்மா? என் தொழிலே அதுதானே!" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் போன். "அக்கா தேறிட்டா. நாளைக்கு வந்துடறேன். துரைசானி என்ன பண்றா?"

"அவளுக்கென்ன, ராணி மாதிரி உட்கார்ந்திருக்கா!" பொய் இல்லை. உட்கார்ந்துதான் இருந்தாள்.

நாளைக்குள் இவளை நடக்கவைத்தாக வேண்டும். வெறும் கட்டு எந்த மூலைக்கு? அளவுக்காரர் களத்தில் இறங்கினார். செருப்புக்குள் வைக்கிற ஸ்பாஞ்சை வெட்டினார். பழைய பனியனில் பை தைத்தார். ஷூ லேஸால் முடிச்சுப் போட்டார். நம்பரே இல்லாத காலுக்கு அவர் செய்த முதல் ஷூ! பெருமை பிடிபடவில்லை. இடது காலில் மாட்டினார். கை தானாக வலது காலுக்கு இன்னொன்றை வெட்டித் தைத்து மாட்டியது. பிறகு தரையில் விட்டு, குனிந்து, பணிவாகச் சொன்னார்: "நடந்து பாருங்க."

துரைசானி வலது காலைத் தூக்கினாள். அதைப் பார்த்தாள். அதிர்ந்துபோய் இடதைத் தூக்கினாள். அதையும் பார்த்தாள். அப்புறம் மூட்டை மாதிரி அப்படியே சரிந்துவிட்டாள்.

"போடப் போடச் சரியாயிடும்மா" என்றார்.

ஆகவில்லை. தானியத்தைக் காட்டினார், படுத்தபடியே கொத்தினாள். தூக்கி நிறுத்தினார், சரிந்தாள். மறுநாளும் அதே கதைதான். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டாக்டருக்குப் போன் போட்டார்.

"டாக்டரம்மா, வியாதி வலது காலுக்கும் பரவிடுச்சு! கோழி எந்திரிக்கவே மாட்டேங்குது!"

"ஒரே நாள்லயா? வலது பாதத்துல வீக்கம் இருக்கா பாருங்க."

"தெரியலையே, ஷூ போட்டிருக்கு."

"என்ன போட்டிருக்கு?"

அதற்குள் வாசல் கதவு திறந்தது. மனைவி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். அவர் போனை வைத்துவிட்டு, கோழியை மறைத்துக்கொண்டு பேந்தப் பேந்த விழித்தார். அவள் அவரை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாள். முகம் சுண்டிப்போயிற்று.

"எந்தக் கால்ல அடி?"

"இடது."

"அப்ப வலது கால்ல எதுக்கு?"

அளவுக்காரர் இரண்டு ஷூவையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒத்தையா எப்படிம்மா... ஜோடியாத்தானே..."

அவள் ஒரு கணம் அவரையே பார்த்தாள். அடுத்த கணம் பிடித்துக்கொண்டது சிரிப்பு! வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, காலை நீட்டி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வலது ஷூவை உருவினாள். துரைசானி எழுந்தாள், உதறினாள், வெறுங்கால் ஒன்று, மெத்தைக்கால் ஒன்றுமாக லேசாக நொண்டிக்கொண்டே போய் அவள் மடியில் ஏறிக்கொண்டாள்.

அவருக்கு அப்பாடா என்று இருந்தது. அவரும் தொப்பென்று எதிரே உட்கார்ந்தார். பழக்க தோஷம், பார்வை அவள் பாதத்துக்குப் போனது. சுண்டுவிரல் சிவந்து தோலுரிந்து கிடந்தது. விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன.

"இது ஆறு இல்லையே!" என்றார்.

"கல்யாணம் ஆனப்போ ஆறு. நீங்க இன்னும் ஆறுதான் கொண்டு வர்றீங்க."

"கடிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே. போடப் போடச் சரியாயிடும்னீங்க."

அவருக்குச் சுருக்கென்றது. ஊரில் உள்ள காலையெல்லாம் அளந்தவர்; வீட்டில் இருந்த காலைப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. எழுந்து போய்க் கடைப் பையிலிருந்து அளவுக் கட்டையை எடுத்து வந்தார். மண்டியிட்டு அவள் குதிகாலைக் கையில் ஏந்தி அதன்மேல் வைத்தார்.

"ஏழு" என்றார்.

"கோழிக்கு அடிச்ச யோகம் எனக்கும் அடிச்சிருக்கு!" என்று அவள் மறுபடி சிரிக்க ஆரம்பித்தாள். மடியில் இருந்த துரைசானியைச் சற்று நகர்த்திவிட்டு அடுத்த காலையும் நீட்டினாள். "இதையும் அளங்க. உங்களுக்குத்தான் ஒத்தையா ஆகாதே!"