சாமி கோவிக்காது

இங்கே நான் பேசுவதும் தமிழ், இவர்கள் பேசுவதும் தமிழ். இருந்தும் சந்தையில் கத்தரிக்காய் விலை கேட்டால், "நீங்க மலையாளமுங்களா?" என்கிறார்கள். யாழ்ப்பாணம் என்றால், "அது எங்கீங்க, கொச்சிக்கு அக்கட்டாலயா?" என்கிறார்கள். தலைமன்னாரில் கப்பலேறி, ரயில் மாறி, கடைசியில் மாட்டுவண்டியில் வந்திறங்கியவள் நான். நாமக்கல்லுக்குக் கிழக்கே எருமப்பட்டிப் பக்கம் ஒரு சிறிய மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. நோயாளியை உட்காரவைத்துப் பேசவிட்டாலே பாதி நோய் தெரிந்துவிடும் என்பது எங்கள் வெள்ளைக்கார டாக்டரம்மாவின் நம்பிக்கை. அவருக்குத் தமிழ் வராததால், பிள்ளை பெற்ற பெண்களோடு உட்கார்ந்து பேசும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. "வாங்கோ, கொஞ்ச நேரம் கதைப்பம்" என்று கூப்பிட்டேன். நம்மூரில் கதைப்பதென்றால் பேசுவது. இங்கே கதை என்றால் ராசா கதை, பேய்க் கதை. "எனக்குக் கதையெல்லாம் தெரியாதுங்க, நீங்களே சொல்லுங்க" என்று காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். நானும் சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் உட்காரும் அந்த மூலைக்குக் கதை ரூம் என்றே பெயர் விழுந்துவிட்டது.

அந்த மூலையில் கேட்டதை நான் வெளியே விடுவதில்லை. வேலை பழகிய காலத்தில் எங்களுக்கு முதலில் சொல்லித் தந்த ஒழுங்கு அது. ஆனால் எனக்கு அது பாடத்தால் மட்டும் வந்ததல்ல. ஊரில் என் சின்னம்மா ஒருத்தி மனம் பேதலித்துச் சில மாதம் கிடந்தாள். மருந்து கொடுக்க வந்தவன் அவள் புலம்பியதைத் தேநீர்க்கடையில் சொல்லிச் சிரித்தான். உடம்பு தேறிய பிறகும் அவள் வாசல் படலையைத் தாண்டி வெளியே வரவில்லை. நோய் போய்விட்டது, ஊர் வாய் போகவில்லை. அதனால்தான் பாவாயி தன் உள்ளங்கையை நீட்டியபோது நான் யோசிக்கவே இல்லை. பாவாயி என்பது அவளுடைய உண்மைப் பெயரல்ல. இதை அச்சில் படிப்பவர்கள் அவளைத் தேடிப் போகக்கூடாது என்பதற்காக நான் வைத்த பெயர். தலைப்பிள்ளைக்காரி, தோட்டத்துக்குள் தனி வீடு, புருசனைத் தவிரப் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. "ஆருகிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்றாள். "ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்று அவள் கையில் அடித்துக் கொடுத்தேன். புருசனைப் பற்றி, தூக்கம் வராததைப் பற்றி, பிறந்த வீட்டைப் பற்றி வாரந்தோறும் வந்து சொன்னாள். அந்த நாட்களில் எனக்கும் இந்த ஊரில் ஒரு ஆள் இருப்பதுபோல இருந்தது.

ஒரு நாள் பிள்ளை இல்லாமல் வெறுங்கையோடு வந்தாள். பிள்ளை தூங்குவதாகச் சொன்னாள். பிறகு, "சாமியக் கெணத்துல போட்டுப்போடலாமான்னு இருக்குதுங்க" என்றாள். என் கண்ணில் வந்தது பூசை அறையும் அதிலிருக்கும் பித்தளைச் சிலையும்தான். நமக்குச் சாமி என்றால் வேறென்ன? வேண்டுதல் பலிக்காத கோபம் என்று நினைத்து, "மனம் நொந்தால் அப்பிடித்தான் தோன்றும். சாமி கோவிக்காது" என்றேன். அவள் என்னை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய்விட்டாள். நல்ல ஆறுதல் சொன்னேன் என்று எனக்குள்ளே ஒரு திருப்தி வேறு.

அவள் போய்ச் சற்று நேரத்தில் பால்காரம்மா வந்தாள். இடுப்பில் இருந்த குழந்தை சிணுங்கியது. "அழுவாத சாமி, இதோ போயிரலாம் சாமி" என்றாள். பாலுக்கு நீட்டிய செம்பைக் கீழே வைத்தேன். "இவனையோ சாமி எண்டு சொல்லுறீங்கள்?" என்று கேட்டேன். "ஏனுங்க, கொழந்தையச் சாமீங்காம என்னன்னு கூப்புடறது?" என்று அவள் சிரித்தாள்.

டாக்டரம்மா அன்று சேலத்துக்குப் போயிருந்தார். கேட்க ஆளில்லை. பாவாயியின் வீட்டுக்கு வரப்பு வழியே ஓடினேன் என்றுதான் சொல்லவேண்டும். அவள் புருசனிடம் சொன்னால் சத்தியம் போகும். பைத்தியக்காரி என்ற பெயரோடு அவள் பிறந்த வீட்டுக்கு அனுப்பப்படலாம். என் சின்னம்மாபோல ஒரு மூலையில் முடங்கலாம். சொல்லாவிட்டால் அந்தக் கிணறு இருக்கிறது. இந்தப் பக்கத்துக் கிணறுகளுக்குச் சுவரில்லை, வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். பயந்து செத்தேன். பாவாயி வாசலில் சேலையில் கட்டிய தூரியை ஆட்டிக்கொண்டிருந்தாள். அதற்குள்ளே பிள்ளை கால் உதைப்பதைக் கண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"நீங்கள் சொன்ன சாமி உங்கடை பிள்ளையோ?"

"பின்ன ஆருங்க? கோவிக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

அவள் குரலில் குற்றம் சாட்டும் தொனியே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நான் பிழையாய் விளங்கிக்கொண்டன். இதை உங்கடை புருசனுக்குச் சொல்லத்தான் வேணும். உங்களுக்குத் தெரியாமல் சொல்ல விருப்பமில்லை. அதுதான் முதல் உங்களிட்டை வந்தனான்" என்றேன்.

"கையில அடிச்சுக் குடுத்தீங்க."

"ஓம். இந்த ஒண்டிலை மட்டும் மாறுறன்."

"பைத்தியம்னு ஓட்டி உட்டுருவாருங்க" என்றாள். தூரியை மறுபடியும் ஆட்டத் தொடங்கினாள். புருசன் ஏர்மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். பிள்ளை பெற்ற சிலருக்கு வருகிற மனநோய் இது, ஆறக்கூடியது, அதுவரை தாயையும் பிள்ளையையும் தனியே விடக்கூடாது, பிள்ளையைக் கிணற்றில் போடத் தோன்றுவதாக அவளே சொன்னாள் என்றேன். என் பேச்சு விளங்காமல் இரண்டாம் முறை சொல்லச் சொன்னார். விளங்கியதும் தலையிலிருந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, "வேற என்னுங்க சொன்னா?" என்றார். அவரைப் பற்றி அவள் சொன்னதெல்லாம் என் நாக்கின் நுனியில் இருந்தது. "மிச்சம் அவவின்ரை, அவ சொன்னால் கேளுங்கோ" என்றேன். அவர் போய் வண்டியைப் பூட்டினார்.

ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தோம். மெல்ல மெல்லத் தூக்கம் வந்தது, பிள்ளையைத் தானாகவே கேட்டு வாங்கினாள். வீட்டுக்குப் புறப்பட்ட அன்று டாக்டரம்மாவிடமும் தரை கூட்டுகிற அம்மாவிடமும் "வாரேனுங்க" என்று சொன்னாள். என்னிடம் மட்டும் சொல்லவில்லை. புருசன் அவளை எங்கும் ஓட்டிவிடவில்லை. அது எனக்குப் பெரிய நிம்மதி. ஆனால் அவள் என்னிடம் பேசுவதை விட்டுவிட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. சத்தியம் உடைந்தது உடைந்ததுதான். இப்போது யாரிடமும் கையடித்துக் கொடுப்பதில்லை. "எல்லாத்தையும் மறைப்பன், உயிருக்கு ஆபத்தெண்டால் மட்டும் மறைக்கமாட்டன்" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டுச் சிலர் எழுந்து போய்விடுகிறார்கள். அவர்கள் எதைச் சுமந்துகொண்டு போகிறார்களோ என்ற பயம் என்னோடு தங்கிவிடுகிறது.

போன லீவுக்கு ஊருக்குப் போனபோது தங்கச்சியின் மகனை, "இஞ்சை வா, சாமி" என்றேன். அவன் ஓடிப்போய்ப் பூசை அறையை எட்டிப் பார்த்தான். "அக்கா, உதென்ன பாஷை?" என்று தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கே திரும்பிவந்தபின் பெண்கள் என்னையும் சாமி என்றே கூப்பிடுகிறார்கள். பெரியவர், சிறியவர், வேண்டியவர் எல்லோருக்கும் இவர்களிடம் அந்த ஒரு சொல்தான்.

சென்ற வாரம் சந்தையில் ஒரு குழந்தை தத்தித் தத்தி வந்து என் சேலையைப் பிடித்தது. யாருடையது என்று தெரியாமலே, "பாத்து சாமி, உழுந்துருவீங்க" என்றேன், இவர்கள் பேச்சிலேயே. அது என்னைப் பார்த்துச் சிரித்தது. பின்னாலிருந்து பழகிய குரல் ஒன்று, "வா சாமி" என்றது. குழந்தை திரும்பியது. நானும் திரும்பினேன். பாவாயி சற்றுத் தள்ளி நின்று, குழந்தையை நோக்கி மட்டும் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.