தம்பி கேட்ட இன்னொரு கோடு

நில அளவை அலுவலகத்தின் மாடியறையில், மின்விசிறிக்கு நேர் கீழே, இருபத்தாறு ஆண்டுகளாக வரைபடம் வரைந்துவரும் அம்மையாரை எல்லோரும் கோட்டக்கா என்பார்கள். உலகில் கோடு போட்டவர்கள் நாடுகளைப் பிரித்திருக்கிறார்கள், போர்களை மூட்டியிருக்கிறார்கள். கோட்டக்காவின் கோடுகள் சாதுவானவை. புள்ளிக்கோடு என்றால் ஒற்றையடிப் பாதை. இரட்டைக் கோடு என்றால் வண்டிப்பாதை.

மலைக்குப் பின்னால் இருந்த பொதுக்காட்டில் சாலையே கிடையாது, ஒரே ஒரு ஒற்றையடிப் பாதைதான். சட்டமும் கறார்: ஏற்கெனவே வண்டிப்பாதை இருந்தால் அகலப்படுத்தலாம், இல்லாவிட்டால் மண்வெட்டிகூட உள்ளே போகக் கூடாது. ஆகவே அந்தக் காட்டின் தலையெழுத்து அக்காவின் பேனா முனையில் தொங்கியது. அதே முனையில் தொங்கிய இன்னொருவர், சாலை ஒப்பந்தக்காரரான அவருடைய சொந்தத் தம்பி.

ஒரு புதன்கிழமை மதியம் வந்து, அக்காவின் டிபன் பாக்ஸை உரிமையோடு திறந்தார்.

"இருக்கிற கோட்டுக்குப் பக்கத்துல இன்னொரு கோடு. அவ்வளவுதான்கா. கிட்னியா கேட்டேன்?"

"கிட்னின்னா குடுத்திருப்பேன். அதுக்கு அளவுப் புத்தகம் வேண்டாம்."

நேரில் நடந்து, நாடா பிடித்து அளந்து, அளவுப் புத்தகத்தில் எழுதாத எதையும் வரையக் கூடாது என்பது விதி. நாடாவின் மறுமுனையைப் பிடிக்கும் ஊழியரோ மூட்டுவலி விடுப்பில் இருந்தார். பிடிப்பவர் யாராக இருக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. கை இருந்தால் போதும்.

"நீயே வாடா," என்றார் அக்கா.

மறுநாள் காலை காட்டுக்குள் நுழைந்த ஆய்வுக் குழுவில் இரண்டு பேர். அதில் ஒருவருக்குத் தொப்பை.

"பாதைக்கு அந்தப் பக்கம் போய் நில்லு."

"எந்தப் பக்கம்? அந்தப் பக்கமே இல்லையேக்கா. ரெண்டு பேரும் ஒரே இடத்துலதான் நிக்கிறோம்."

"அப்போ முள்ளுக்குள்ள நில்லு."

இரண்டடி. அடுத்த வளைவில் ஒன்றரை. இரு பாறைகளுக்கு நடுவே தம்பி மூச்சை உள்ளிழுத்துப் பக்கவாட்டில் நகர்ந்தபோது, சட்டைப் பொத்தான் ஒன்று பொதுச்சொத்தாகிவிட்டது.

அக்காவின் வலது கையில் ஏதோ பூச்சி கடித்து எரிச்சல். அதனால் புத்தகமும் பென்சிலும் தம்பியிடம் போயின.

"நான் வண்டி போற மாதிரி ஒம்போது அடின்னு எழுதினா?"

"எழுது. கையெழுத்து நான்தான் போடணும். கேள்வி வந்தா என்னைத்தான் கேப்பாங்க. இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்கு."

"மிரட்டுறியா?"

"விவரம் சொல்றேன்."

அதன்பிறகு அக்கா புத்தகத்தை எட்டிப் பார்க்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டார், தூங்கவில்லை.

மாடியறைக்கு வந்து புத்தகத்தைத் திறந்தார். தம்பியின் கோணல் எழுத்து: இரண்டடி. ஒன்றரை. ஒன்றேகால். குறிப்புக் கட்டத்தில் ஒரு வரி: 'இங்கே மனிதர் பக்கவாட்டில் போகலாம், ஒல்லியாக இருந்தால்.'

அக்கா கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டு, காட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நிதானமாகப் புள்ளி வைத்தார். சாலைத் திட்டம் அந்த மாதமே கைவிடப்பட்டது.

தம்பி போனை எடுக்கவில்லை. மூன்றாவது வாரம் அவர் மனைவிதான் கூப்பிட்டார்.

"அண்ணி, இவரோட முடியல. வீட்டுக்கு வர்றவங்ககிட்டல்லாம் அந்தக் காட்டை நான்தான் அளந்தேன், என்னாலதான் அது தப்பிச்சுதுன்னு பீத்திக்கிறாரு."

"உண்மைதானேம்மா. என்கிட்ட எப்பப் பேசுவானாம்?"

அந்தப் பக்கம் ஏதோ கிசுகிசுப்புக் கேட்டது.

"கோபம் இன்னும் ஒரு வாரத்துக்கு இருக்காம் அண்ணி."