இல்லாத மாடிக்குத் தைத்த திரை

ஜன்னலை வெறுமனே விட அவளுக்கு மனசு வராது. கல்யாணமான நாளிலிருந்து திரைச்சீலை தைத்துப் பிழைப்பவள். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் ஜன்னலைப் பார்ப்பாள், அப்புறம்தான் மனிதர்கள். தெருவுக்கே அவள் ‘திரை அக்கா’.

அந்தத் தெருவில் மாடி வீடே கிடையாது. அவள் வீட்டை ஒட்டிக் காலி மனை ஒன்று கிடந்தது. கட்டட விதியை நகராட்சி மாற்றப்போகிறது, இனி ஐந்து மாடி வரை அடுக்ககம் எழுப்பலாம் என்று செய்தி வந்ததும் தெரு கொதித்தது. விதி மாறினால் அந்த மனையை வாங்கிக் கட்ட ஒரு நிறுவனம் காத்திருந்தது.

கூட்டத்தில் ஒலிவாங்கியைக் கையில் வாங்கினால் திருப்பித் தராததால் ‘மைக்’ என்று பெயரெடுத்த தெருச் சங்கத் தலைவர்தான் யோசனை சொன்னார். ஐந்து மாடி என்று வாயால் சொன்னால் யாருக்கு உறைக்கும்? மனைக்காரர் வெளியூரில் இருக்கிறார், கேட்பாரில்லை. அங்கே அதே உயரத்துக்குச் சாரம் கட்டி, வெள்ளைத் துணி போர்த்தி நிறுத்துவோம். பார்வையிட வரும் அதிகாரிகள் கண்ணால் காணட்டும்.

துணி தைப்பது யார் என்று கேட்கவும் வேண்டுமா?

“ஜன்னலும் வைங்கக்கா,” என்றார் மைக். “நம்ம வீட்டுக்குள்ள எத்தனை கண்ணு எட்டிப் பாக்கும்னு தெரியட்டும்.”

வெட்டினாள். வெட்டிய ஓட்டைகள் பொக்கை வாய் மாதிரி அவளைப் பார்த்தன. பொறுக்கவில்லை. மிச்சம் மீதித் துண்டுகளை எடுத்து ஒவ்வொரு ஜன்னலுக்கும் திரை தைத்துவிட்டாள். மூன்றாம் மாடி மூலைக்கு நல்ல நீலம். ஏன் அங்கே நீலம் என்று அவளுக்கே தெரியாது.

சாரக்காரர் எல்லாவற்றையும் கட்டி இறங்கி, நிமிர்ந்து பார்த்தார்.

“என்னக்கா, பயமுறுத்தணும்னு சொல்லிட்டு நாளைக்கே குடிவரலாம்போலப் பண்ணி வச்சிருக்கீங்களே!”

தெரு சிரித்தது. அவளும் சிரித்தாள்.

வெளிச்சம் சாய்ந்ததும் சிரிப்பு போய்விட்டது. தையல் இயந்திரத்தில் குனிந்திருந்தவளுக்குப் பிடரியில் யாரோ பார்ப்பதுபோல இருந்தது. திரும்பினாள். முழங்கையால் ஒதுக்கியதுபோல நீலத் திரை ஒரு பக்கம் விலகியிருந்தது. காற்றுதான். காற்றென்றால் பக்கத்துத் திரை ஏன் அசையவில்லை?

“யாரைப் பாக்குறீங்க அத்தை?” என்றாள் மருமகள்.

“யாருமில்ல.”

சொல்லிவிட்டுத் தன் ஜன்னல் திரையை இழுத்து மூடினாள்.

மறுநாள் மகள் வந்தாள். பக்கத்து மருத்துவமனையில் நர்ஸ். இரண்டு பேருந்து மாறி வரும் தூரத்தில் வாடகை வீடு, அதையும் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். மகன், மருமகள், பேரப்பிள்ளைகள், தையல் இயந்திரம் என்று நிரம்பிய அம்மா வீட்டில் அவளுக்கு இடமில்லை. இடுப்பில் குழந்தையோடு வாசலிலேயே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

“மூணாவது மாடி, மூலை. அதைத்தாம்மா நாங்க கம்பெனில கேட்டு வச்சிருந்தோம்.”

“எதடி? அங்க வெறும் துணிதானே இருக்கு!”

“விதி மாறினா கட்டுவாங்கல்ல? ஜன்னலத் திறந்தா நீ தைக்கிறது தெரியும்னு அவர்கிட்ட சொன்னேன். ‘உங்கம்மா நம்மள வேவு பாக்கவா’ன்னு கிண்டல் பண்ணாரு.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“கூட்டத்துல முன்வரிசையில உக்காந்து கை தட்டுறவகிட்ட என்னன்னு சொல்றது?”

“சரி, இது நடக்கலேன்னா?”

“அவரோட ஊருக்குப் போயிடுவோம். குழந்தைய வச்சிட்டு எத்தனை வீடும்மா மாறுறது?”

அந்த ஊருக்கு ஒரு நாள் முழுக்க ரயிலில் போக வேண்டும்.

அதிகாரிகள் வந்த அன்று தெருவே கூடியிருந்தது. “பாதிக்கப்படப்போறது இவங்கதான்,” என்று மைக் அவளை முன்னால் தள்ளினார்.

“மேலேருந்து பாத்தா உங்க வீட்டுக்குள்ள தெரியுமாம்மா?” என்று கேட்டார் பெண் அதிகாரி.

அண்ணாந்தாள். நீலத் திரை பாதி திறந்திருந்தது.

“தெரியும். நான் தைக்கிறது தெரியும்.”

“அது உங்களுக்குத் தொந்தரவா?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். பின்னால் தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. கணவர் மயங்கி விழுந்த அன்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய தெரு. அவளுக்கு வேலை கொடுத்துச் சோறு போட்ட தெரு.

“ஆமா,” என்றாள்.

கைதட்டல் காதைப் பிளந்தது.

அந்தத் தெருவுக்கு மட்டும் புதிய விதி பொருந்தாது என்று அறிவிப்பு வந்தது. மைக் வீடு வீடாகப் போய்க் கை குலுக்கினார். மகள் வந்து, குழந்தையை அவள் மடியில் கொஞ்ச நேரம் விட்டுவைத்து, “வரேம்மா” என்று கிளம்பிப் போனாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை.

சாரத்தைப் பிரிக்க ஒரு மத்தியானம் சாரக்காரர் வந்தார். மேலிருந்து கழற்றிக்கொண்டே வந்தார். ஐந்தாவது போனது. நாலாவது போனது. கொல்லையில் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்த திரை அக்கா, நிமிர்ந்து பார்த்து, வழக்கமாகக் கேட்பவள் மாதிரி கேட்டாள்.

“சாப்பிட்டியாடி?”

“யாரக்கா கேக்குறீங்க?” என்றார் சாரக்காரர், கயிற்றைப் பிடித்தபடி.

அவள் பார்வை மூன்றாம் மாடி மூலையில் இருந்தது. அவர் திரும்பி நீலத் திரையைப் பார்த்தார். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கும் மனிதர், அன்று முடிச்சிலிருந்து கையை எடுத்துவிட்டு, உள்ளே இருப்பவர்கள் முதலில் வெளியே வரட்டும் என்பதுபோலப் பலகையில் சற்று ஒதுங்கி நின்றார்.