ரூபி அக்கா குறைக்க மறுத்த நிமிடங்கள்

ரூபி அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது போடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்காக நின்றுகொண்டிருந்தேன். அவருடைய அண்ணன் தேவசகாயம்தான் கூப்பிட்டார். "தம்பி, தங்கச்சி போயிருச்சுப்பா. தேனி ஆஸ்பத்திரிலதான் இருக்கோம். வெரசா வந்துரு." கையில் வந்த டீயைக் குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். சிறுநீரகம் கெட்டு, வாரந்தவறாமல் டயாலிசிஸுக்குப் போய்வந்தவர். என்றோ ஒரு நாள் வரப்போகிற செய்திதான். தெரிந்த செய்தி என்றால் வலி குறையும் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். எனக்குக் குறையவில்லை.

ஏலக்காய்க் கடை தேவசகாயத்தின் தங்கை மாடி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து என்னதான் செய்கிறார் என்று உங்களில் பலர் என்னிடம் கேட்டதுண்டு. துக்க வீட்டிலும் கேட்டீர்கள். அங்கே விளக்கத் தெம்பில்லை, இங்கே சொல்கிறேன். மாத்திரைகளைப் பெரும்பாலும் ஒவ்வொரு அண்டாவாகச் சமைப்பதுபோலத்தான் செய்கிறார்கள். ஒரு ஈடு முடிந்து, கழுவி, அடுத்த ஈடு. அப்படியில்லாமல் ஒரு முனையில் சரக்கு போய்க்கொண்டே இருக்க, மறுமுனையில் மருந்து வந்துகொண்டே இருக்கும்படி குழாய்களை அமைப்பது இன்னொரு வழி. அந்தக் குழாய்களை வாங்கி மாட்டும் முன்பே அவற்றைக் கம்ப்யூட்டருக்குள் ஓடவிட்டுப் பார்ப்பதுதான் எங்கள் வேலை. வேதியியல் அக்காவுடையது, நிரல் என்னுடையது. வெளியூர் மருந்துக் கம்பெனி ஒன்றுக்காக, வலிப்பு மாத்திரை ஒன்றின் ஆலையை அப்படி வடிவமைத்துக்கொண்டிருந்தோம். மருந்தின் அளவு சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் ஆபத்தான மாத்திரை அது.

எல்லோரும் ஆலை ஒழுங்காக ஓடும்போது எப்படி இருக்கும் என்று முதலில் பார்ப்பார்கள். அக்கா கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதில்தான் தொடங்குவார். "ஓடுறதுல என்ன இருக்கு தம்பி? நின்னு கெளம்புறதுதான் சோலி" என்பார். பம்பு ஒரு கணம் தடுமாறினால் கலவையின் விகிதம் கெட்டுவிடும். கெட்ட சரக்கு ஒரே மூச்சில் வெளியேறாது. நல்லதோடு கலந்து இழுபட்டு, நெடுநேரம் கொஞ்சம் கொஞ்சமாக வரும். அதை அக்கா 'வாலு' என்பார். எத்தனை நிமிடம் வருவதைக் கொட்டிவிட வேண்டும் என்பதுதான் கேள்வி. அந்த நிமிடங்களுக்காகவே அவர் கடைசிவரை மல்லுக்கட்டினார்.

கம்ப்யூட்டர் சொல்வதைக் கண்ணால் சரிபார்க்க வேண்டும் என்று ஒரு நாள் கடைக்குப் பின்னால் இருந்த கோடவுனில் நீளமான கண்ணாடிக் குழாயைச் சுருட்டிவைத்துத் தண்ணீரை ஓடவிட்டார். அதில் சாயத்தை ஊற்றி, மறுமுனையில் நிறம் எப்போது வருகிறது, எப்போது வெளுக்கிறது என்று பார்ப்பது திட்டம். வாங்கிவந்தது பச்சைச் சாயம். படித்தவருக்கும் புத்தி போகும் போக்கைப் பாருங்கள். ஏலக்காய்க் கோடவுனில் பச்சைச் சாயம்! சரியாக அந்த நேரத்தில் தேவசகாயம் அண்ணன் வெளியூர் வியாபாரி ஒருவரைக் காய் பார்க்க அழைத்துவந்தார். முழங்கைவரை பச்சையாக நின்ற தங்கையைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறிப்போயிற்று. "அடிப்பாவி, காய்க்குச் சாயம் போடுறோம்னு ஊரே பேசுமே!" வியாபாரி கையில் அள்ளிய காயை மூட்டையிலேயே போட்டு, விரல்களைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு நடையைக் கட்டினார். அதோடு விட்டிருக்கலாம். அக்கா அதே கைகளோடு தெருவில் அவர் பின்னால் ஓடினார். "அண்ணே, சாயம் கொழாய்க்குத்தான், காய்க்கு இல்லண்ணே!" கடைத்தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. அண்ணன் கிறிஸ்துமஸ்வரை அவரோடு பேசவில்லை. "அண்ணன் கோவம் வெளுக்கக் கொஞ்சம் நாளாகும்" என்று சொல்லிக்கொண்டு, ரோஸ் சாயம் வாங்கி மறுபடி செய்தார்.

இன்னொரு முறை போடிமெட்டுக்கு மேலே அவருடைய உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போனோம். தோட்ட வேலைக்குப் போகும் பெண்களோடு ஜீப்பில் இடித்துப்பிடித்து உட்கார்ந்திருந்தோம். கொண்டை ஊசி வளைவில் ஒரு லாரி நின்றுவிட்டது. அதைத் தள்ளி ஓரங்கட்டிய பிறகும் வண்டிகள் வெகுநேரம் நகரவில்லை. "வழிதான் விட்டாச்சே, இன்னும் என்னத்துக்கு நிக்கிறாய்ங்க?" என்று டிரைவர் கத்தினார். "தடை போயிருச்சுண்ணே, அதோட வாலு இன்னும் போகல" என்று அக்கா சிரித்தார். பக்கத்தில் இருந்த அம்மாள் விட்டாரில்லை. "எங்க பொழப்பு கெடுது, ஒனக்குச் சிரிப்பா இருக்கா?" அக்காவின் முகம் வாடிவிட்டது. "தப்புத்தான் ஆத்தா" என்றார்.

கம்பெனிக்கு அந்த நிமிடங்கள் பிடிக்கவில்லை. ஒவ்வொரு தடுமாற்றத்துக்கும் அத்தனை மருந்தைக் கொட்டினால் கட்டுப்படியாகாது, பாதியாகக் குறையுங்கள் என்றார்கள். கூட்டத்துக்கு மேல் கூட்டம். கடைசிச் சில கூட்டங்களில் அக்கா டயாலிசிஸ் படுக்கையிலிருந்தே பேசினார். ஒரு கையில் ஊசி, மறுகையில் போன். கடைசிக் கூட்டத்தில் அவர்களுடைய மேலாளர் நிறையவே வாதாடினார். அக்கா களைத்த குரலில் சொன்னார்: "சார், கூடுதலாக் கொட்டுனா ஒங்க கணக்குல குறையும். குறைச்சுக் கொட்டுனா எந்த மாத்திரையில குறையுதுன்னு யாருக்கும் தெரியாது. நான் மாட்டேன் சார்." எனக்கு அவர்மேல் எரிச்சலாகக்கூட இருந்தது. கொஞ்சம் விட்டுக்கொடுத்துவிட்டு ஓய்வெடுக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் அந்த மேலாளர் என்னை அழைத்தார். முறையாகத் துக்கம் விசாரித்தார். பிறகு, "மேடம் போட்ட நேரத்தப் பாதியாக்கி ரிப்போர்ட்ட நீங்களே அனுப்பிடுங்க. அடுத்த வேலையும் ஒங்களுக்குத்தான்" என்றார். எனக்கு அந்த வேலை தேவை. போடியில் இருந்துகொண்டு எனக்குத் தெரிந்த வேறு பிழைப்பு கிடையாது. குறைந்த நேரம் வந்துவிடாதா என்ற ஆசையோடுதான் எல்லாவற்றையும் மறுபடி ஓட்டிப்பார்த்தேன். வரவில்லை. அக்காவின் நிமிடங்களையே எழுதி, என் பெயரைப் போட்டு அனுப்பினேன். வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகப் பதில் வந்தது.

ரூபி அக்காவின் துணிச்சல் எனக்கு வந்துவிட்டது என்று எழுதினால், என்னை அறிந்த நீங்களே சிரிப்பீர்கள். அதெல்லாம் வரவில்லை. சரியில்லை என்று தெரிந்த ஒன்றின் கீழ் என் பெயரைப் போட இனி முடியாது, அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவ்வளவுதான். பெரிய தொல்லை அது. இனி எங்கே வேலைக்குப் போனாலும் கூடவே வரும்.

மாடி அறையைப் பூட்டி, கீழே கடையில் தேவசகாயம் அண்ணனிடம் சாவியைக் கொடுத்தேன்.

"வேலை போயிருச்சா தம்பி?"

"போயிருச்சுண்ணே."

அவர் சாவியை வாங்கிக் கல்லாவுக்குள் போட்டார்.

"அவ இருந்திருந்தாலும் போகத்தான் செஞ்சிருக்கும்" என்றார்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.