சுற்றும் வட்டத்தை நிறுத்தப் போனேன்

வீடியோ ஒழுங்காக ஓடினால் யாரும் நம்மை நினைப்பதில்லை. நடுவில் நின்று வட்டம் சுற்றினால் மட்டும் ஊரே நினைக்கும், அப்படியொரு தொழில் என்னுடையது. முன்பெல்லாம் ஒவ்வொரு செல்போன் கோபுரமும் தன் பாட்டுக்கு வேலை பார்க்கும். இப்போது திருவனந்தபுரத்தில் எங்கள் கம்பெனிக் கோபுரங்களை கண்ட்ரோலர் என்ற ஒரே மென்பொருள் மேய்க்கிறது. யாருடைய வீடியோவுக்கு எவ்வளவு வழிவிடலாம் என்று அதற்கு விதி எழுதித் தருவது நான். தம்பானூர், சாலைக் கடைத்தெரு, கரமனை மூன்று இடங்களிலும் மூன்று மாதச் சோதனை. புகார்கள் குறையாவிட்டால் எங்கள் நான்கு பேர் குழுவைக் கலைத்துவிடுவோம் என்று மேலதிகாரி முதல் நாளே சொல்லிவிட்டார். வாடிக்கையாளரை நேரில் பார்த்துக் கேட்டு வரவேண்டும் என்பதும் அவர் உத்தரவு. கம்ப்யூட்டர் படித்துவிட்டுக் கடை கடையாக ஏறி இறங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால் வாருங்கள், சேர்ந்து தலையில் அடித்துக்கொள்வோம்.

முகம் இல்லாத சீரியல்

தம்பானூரில் ஒரு ரயில் வந்து நின்றால் இறங்கியவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் போனை எடுப்பார்கள். அப்போது எல்லாருடைய படத்தெளிவையும் கொஞ்சம் குறைத்து, யாருக்கும் படம் நிற்காமல் பார்த்துக்கொள்ளும்படி விதி எழுதினேன். கண்ட்ரோலரும் சொன்னதைச் செய்தது. ஒரு வாரம் அந்தப் பக்கம் வட்டமே சுற்றவில்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்டேஷனுக்கு எதிர் லாட்ஜ் மேனேஜரிடம் போய் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவரும் என்னைப்போல நாகர்கோவில் பக்கம், நல்ல வார்த்தை சொல்வார் என்று ஒரு நப்பாசை. அவர் சொன்னார்: “முன்ன படம் நின்னாலும் ஆளு மூஞ்சி தெரியும் மேடம். இப்ப நிக்காம ஓடுது, ஆரு அழுகா, ஆரு சிரிக்கான்னு ஒண்ணும் மனசிலாகலை.”

சாலையில் ஒரு தங்கமான வாடிக்கையாளர்

சாலைக் கடைத்தெருவில் ஒரே ஒரு எண் மட்டும் காலை முதல் மாலை வரை நேரலைச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தது. இவ்வளவு ஆர்வமாகப் பார்க்கிறாரே என்று கண்ட்ரோலர் அவருக்கு வாரி வழங்கியிருந்தது. பக்கத்துக் கடைக்காரர்களிடமிருந்துதான் புகாருக்கு மேல் புகார்.

தேடிப் போனேன். திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவரின் இரும்புக் கடை. போன் ஆணிப்பெட்டிமேல் குப்புறக் கிடந்தது. அதிலிருந்து யாரோ விடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். “இதை நீங்கள் பார்ப்பதே இல்லையா அண்ணாச்சி?” என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் சொன்னார்: “பாக்கதுக்கு எங்கம்மா நேரம்? சத்தம் இல்லாட்டா கடையில ஆளில்லன்னு நெனச்சு வாறவன் அடுத்த கடைக்குப் போயிருவாம்லா.”

மேலதிகாரியின் திருப்தி

மூன்றாம் மாதம் மேலதிகாரி தன் போனிலேயே அரைமணி நேரம் கால்பந்து பார்த்தார். படம் பளிச்சென்று இருந்தது. எங்களைத் தட்டிக்கொடுத்தார். அவர் போன் எங்கள் கோபுரத்தில் இல்லாமல் ஆபீஸ் வைஃபையில் இருந்ததை, குழுவிலிருக்கும் என் தோழி சிந்து கவனித்துவிட்டு என் காலை மிதித்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை, உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் அசரவே இல்லை, அதனால் என்ன என்று மலையாளத்தில் சிரித்தார்: “அதினெந்தா? படம் நல்லதாயிருந்நல்லோ!”

கரமனையில் ஒரு முகூர்த்தம்

சோதனை முடிய ஒரு வாரம். கரமனை அக்ரஹாரத்தில் ஒரு மாமி, அவள் கணவருக்குச் சஷ்டியப்தபூர்த்தி. ஒரே மகன் கனடாவில், விசா சிக்கலில் வரமுடியவில்லை. போனில்தான் பார்க்க வேண்டும். மாமி எங்களிடம் ஏற்கெனவே பலமுறை புகார் செய்தவள். “நிற்காது மாமி, நானே வந்து உட்காருகிறேன்” என்று வாக்குக் கொடுத்திருந்தேன். லேப்டாப்போடு காலையிலேயே போய் உட்கார்ந்தேன்.

மாமா மறுபடி தாலி கட்டும் நேரம். மகனுக்குப் போகும் படம் நின்றுவிட்டது. லேப்டாப்பைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்தது. வீடியோ என்றால் பார்ப்பவர் போனுக்கு வருவது என்று நினைத்தே விதி முழுவதையும் எழுதியிருக்கிறேன். ஒருவர் போனிலிருந்து வெளியே போகும் வீடியோ என் நினைப்பிலேயே இல்லை. கண்ட்ரோலர் அதை ஏதோ கோப்பு என்று எண்ணி, பந்தலில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் பின்னால் வரிசையில் நிறுத்திவிட்டது.

விதியை மாற்றவோ, அணைத்த கண்ட்ரோலரை மறுபடி போடவோ முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்க வேண்டும். மொத்தமாக அணைக்க மட்டும் அனுமதி வேண்டாம். ஆபீஸில் இருந்த சிந்துவைப் போனில் கூப்பிட்டு, கரமனைக்குக் கண்ட்ரோலரை அணைக்கச் சொன்னேன். அடுத்த நிமிஷம் கனடாவில் படம் தெளிவாக ஓடியது. ஆனால் அதற்குள் மூன்றாம் முடிச்சும் விழுந்திருந்தது. திரையில் மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கட்டியாச்சாப்பா?” என்று கேட்டான். எனக்கு எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருந்தது. மாமியிடம் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் திட்டவில்லை. புதுத் தாலியைப் பிடித்தபடி கேட்டாள்: “அணைச்சாத்தான் நன்னாத் தெரியறதுன்னா, அதை எதுக்குடி கொழந்தே போட்டேள்?”

நடந்ததை அப்படியே எழுதி, கண்ட்ரோலரை மறுபடி போட அனுமதி கேட்ட என் கடிதம் ஒரு வாரம் மேலதிகாரியின் மேஜையில் கிடந்தது, கண்ட்ரோலர் அணைந்தே இருந்த அந்த வாரம் கரமனையிலிருந்து ஒரு புகார்கூட வரவில்லை, அதைக் காட்டித்தான் எங்கள் குழுவுக்கு இன்னொரு வருடம் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.