பாசி எடுப்பவர்களின் பாதங்கள்

மருத்துவ முகாம் நடத்துவது என்றால் பாதி நேரம் நாற்காலி போடுவது, மீதி நேரம் அதில் யாராவது வந்து உட்கார மாட்டார்களா என்று வாசலைப் பார்ப்பது. மாநில அளவிலான மருத்துவர் சங்கம் ஒன்றின் ராமநாதபுரம் கிளையில் எனக்கு அதுதான் உத்தியோகம். டாக்டர்கள் வருவார்கள், போவார்கள்; கொட்டகை பிடிப்பது, மைக் கட்டுவது, பெயர் எழுதுவது எல்லாம் நான். மைக்கைத் தட்டி 'ஹலோ ஹலோ' சொல்லியே வயதைத் தொலைத்த சகபாடிகள் யாராவது இதைப் படித்தால் கூடவே ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம். போதாததற்கு எனக்கு ஒரு கெட்ட பழக்கமும் உண்டு. கடலைக் கண்டால் வேலை மறந்துபோகும்.

காலி நாற்காலிகள்

பாம்பனுக்குப் பக்கத்தில் கடலோரமாக ஓர் ஊர். அங்கே பெண்கள் கடலில் முங்கிப் பாசி எடுக்கிறவர்கள். அவர்களுக்குச் சுகர் முகாம் போடுவதென்று சங்கத்தில் முடிவானது. அலுவலகக் காலண்டரைப் பார்த்து, டாக்டரம்மாவுக்குத் தோதான ஒரு சனிக்கிழமையைக் குறித்தேன். டாக்டரம்மா ஆர்.எஸ்.மங்கலத்துக்காரர், கண்மாயும் நெல்லும் பார்த்து வளர்ந்தவர். நான் உச்சிப்புளி. கடல் எனக்குப் பார்க்கத் தெரியும், அவ்வளவுதான். மாதா கோயில் கொட்டகையில் ஐம்பது நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். வந்தது கோயில் காரியம் பார்க்கும் உபதேசியார் ஒருவர். அவரும் கொட்டகைச் சாவியைக் கொடுக்க வந்தவர்.

மைக்கில் கூப்பிட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் கூப்பிடுவதை விட்டுவிட்டுக் கடலைப் பார்க்க ஆரம்பித்தேன். தண்ணீர் பச்சையாக, அசையாமல் கிடந்தது. தூரத்தில் தலைகள் தெரிவதும் மறைவதுமாக இருந்தன. அவற்றை எண்ணிக்கொண்டே தூங்கிவிட்டேன் போலிருக்கிறது. கண் விழித்தபோது எதிரே ஒரு பெண், உடம்பெல்லாம் நீர் சொட்ட, விரல்களில் துணி சுற்றி, நெற்றியில் முங்கு கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நின்றார். பெயர் ஜெயமேரி. அமாவாசையை ஒட்டிச் சில நாள், பௌர்ணமியை ஒட்டிச் சில நாள் கடல் வற்றும்போதுதான் பாசி எடுக்க முடியும், அந்த நாட்களில் கரையில் ஈ காக்கா இருக்காது என்று விளக்கினார். கடைசியாகச் சொன்னார்: "இனிமே பிறையப் பாத்து வாங்க சார். தேதியப் பாத்து வந்தா இங்கன நாற்காலிதான் இருக்கும்."

தங்கூசி

பிறை பார்த்துப் போனோம். கொட்டகை நிறைந்தது. ஜெயமேரிக்குச் சுகர் எக்கச்சக்கம். எத்தனை வருஷமாக என்று அவருக்கே தெரியாது. டாக்டரம்மா மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்து அவர் பாதத்தில் அங்கங்கே தொட ஆரம்பித்தார். காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கிற சோதனை அது. இவ்வளவு படித்துவிட்டு மீன் பிடிக்கிற தங்கூசி நரம்போடு வந்திருக்கிறார்களே என்று பெண்கள் சிரித்தார்கள். நான் நோட்டோடு பக்கத்தில் உட்கார்ந்து, இழை தொடும்போதெல்லாம் 'தெரியுதா?' என்று கேட்டேன். ஒவ்வொரு தடவையும் 'தெரியுது' என்றார். எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டேன்.

டாக்டரம்மா என்னை முறைத்தார். நீங்கள் இப்படி ஒவ்வொரு தடவையும் மணியடித்தால் யார்தான் தெரியவில்லை என்று சொல்வார்கள் என்று கேட்டார். நியாயம்தான். எத்தனை ஊரில் எத்தனை பேருக்கு இப்படி டிக் போட்டேனோ, நினைத்தால் இப்போதும் கூசுகிறது. என்னை வாயை மூடச் சொல்லிவிட்டு, ஜெயமேரியைக் கண்ணை மூடச் சொன்னார். பிறகு இழையை மேசையில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். ஜெயமேரி முகத்தில் ஓர் அமைதி வந்தது. சீராக, அவசரமே இல்லாமல், 'தெரியுது... தெரியுது...' என்று சொல்லிக்கொண்டே போனார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கண்ணைத் திறந்து, மேசையில் கிடந்த இழையைப் பார்த்தவர் மெதுவாகச் சொன்னார்: "அலை வந்து போற கணக்குக்குச் சொன்னேன் டாக்டரம்மா. கண்ண மூடுனா எனக்கு அது ஒண்ணுதான் தெரியுது."

கைக்கண்ணாடி

மரத்துப்போன காலில் புண் வந்தால் தெரியாது, தெரியாத புண் எலும்பு வரை இறங்கும், அப்புறம் காலையே எடுக்க வேண்டி வரும் என்று டாக்டரம்மா உடைத்துச் சொன்னார். ஜெயமேரிக்குப் பிழைப்பே அந்தக் கால்தான். மாத்திரை தந்தோம். தினமும் உள்ளங்காலைப் பாருங்கள் என்று சங்கம் நோட்டீஸ் அடித்தது. குனிந்து பார்க்க முடியாதவர்களுக்காக ஆளுக்கொரு கைக்கண்ணாடியும் கொடுத்தோம். அது என் யோசனை. சங்கக் கூட்டத்தில் கைதட்டல்கூட வாங்கினேன்.

அடுத்த முறை போனபோது அந்தக் கண்ணாடிகள் வீட்டுக்கு வீடு வாசலில் ஆணியில் தொங்கின, தலை சீவ வசதியாக. காற்றில் அவை ஆட ஆட, தெரு முழுக்க வெளிச்சம் ஓடி விளையாடியது. நான் அதைப் பார்த்து நின்றுவிட்டேன். ஜெயமேரி என்னைக் கடந்து கொட்டகைக்குள் போனார், நல்ல நடை. பின்னால் சிமெண்டுத் தரையில் அடிக்கு ஓர் ஈரப்பொட்டு விழுந்துகொண்டே போனது. கடல்தண்ணீர் என்று நினைத்தேன். உள்ளங்காலில் சிப்பி வெட்டிச் சீழ் வைத்திருந்தது. இன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும், கால் தப்புமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று டாக்டரம்மா திட்டியதற்கு ஜெயமேரி தலை நிமிராமல் சொன்ன பதில்: "வலிச்சிருந்தா வந்திருப்பேன். வலிக்காத கால எப்படிம்மா சந்தேகப்படுறது?"

வார்டு

சீழ் பரவிவிட்ட சுண்டுவிரலை எடுத்தார்கள். மற்றது நிற்குமா போகுமா என்று வாரக்கணக்கில் இழுபறி. சங்க வேலையாக வந்தேன் என்று சொல்லிக்கொண்டு நான் அடிக்கடி போனேன். உண்மையில் அந்தக் கைக்கண்ணாடிதான் மனதை உறுத்திக்கொண்டிருந்தது. ஜெயமேரி மல்லாந்து படுத்து, சுற்றுகிற விசிறியையே பார்த்துக்கொண்டிருப்பார். என்னைக் கண்டதும் இன்றைக்கு என்ன பிறை என்று கேட்பார். நான் சொன்னதும் கண்ணை மூடிக்கொள்வார், ஊரில் பாசிக்கு வள்ளம் கிளம்புவதை அங்கிருந்தே பார்ப்பவர் போல. பொழுது போகிறதா என்று ஒருநாள் அசட்டுத்தனமாகக் கேட்டேன். "படுத்தா முங்கிடுறேன் சார். நர்ஸம்மா வந்து கட்டப் பிரிக்கும்போதுதான் கரைக்கு வாரேன்."

கரை

கால் தப்பியது. தோல் முழுக்க மூடி, டாக்டரம்மா பார்த்துச் சரி என்ற பிறகுதான், ரப்பர் செருப்பை வாரால் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஜெயமேரி மறுபடி கடலுக்குப் போனார். அடுத்த முகாமுக்கு நாள் குறிக்க நான் ஒரு மத்தியானம் அந்த ஊருக்குப் போனேன். வள்ளம் கரைக்கு வந்தது, இன்ஜினை நிறுத்தினார்கள், ஆனால் யாரும் இறங்கவில்லை. யாருக்கோ ஏதோ ஆகிவிட்டதென்று பயந்து, பேண்டைச் சுருட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போனேன்.

உள்ளே பெண்கள் இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி பாதம் இன்னொருத்தி மடியில். முந்தானையால் துடைத்து, உள்ளங்காலை வெயிலுக்குத் திருப்பி, விரலிடுக்கு வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஈரக்காலில் மண் ஒட்டிவிட்டால் வெட்டோ முள்ளோ கண்ணுக்குத் தெரியாது, அதனால் பார்த்து முடிக்கும்வரை யாரும் இறங்கக் கூடாதென்று ஜெயமேரி சட்டம் போட்டிருக்கிறாராம். வள்ளம் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. நானும் தண்ணீரிலேயே நின்றேன், எவ்வளவு நேரமென்று தெரியவில்லை.

ஜெயமேரி மடியில் இருந்தது சகாயராணியின் கால். அவருக்கும் சுகர் உண்டு, வயது குறைவு. ஒன்றும் வலிக்கவில்லை, உலை வைக்கவேண்டும், விடுங்கள் என்று காலை இழுத்துக்கொண்டே இருந்தார். ஜெயமேரி விடவில்லை. குதிகாலிலிருந்து கறுப்பாக ஒரு முள்ளை உருவி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். சகாயராணி அதையே பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஜெயமேரி அந்தக் குதிகாலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஒனக்குத் தெரியாதுடி. எனக்குத் தெரியுது."

நோட்டீஸ் அடித்தோம், கண்ணாடி கொடுத்தோம், மைக்கில் தொண்டை கிழியக் கத்தினோம். கடைசியில் பாதம் பார்க்கிற வேலையை அவர்கள் எங்களைக் கேட்காமலே ஆளுக்கு ஆள் பிரித்துக்கொண்டுவிட்டார்கள், சங்கத்தின் ஆண்டறிக்கையில் மட்டும் அது என் சாதனையாக அச்சாகியிருக்கிறது.